பத்து ஆம்பியர்

போர்ட் அகஸ்டாவில் காலை ஏழுக்கே
தகரம் தொட முடியாத சூடு.
வளைகுடாத் தண்ணீர் உள்வாங்கி, சேறு பல்லிளித்துக் கிடந்தது.
பெரிலின் கேரவன் அதற்கு முதுகு காட்டி நின்றது,
முகப்பில் காய்ந்து ஒட்டிய வெட்டுக்கிளிகளோடு.

"விளக்கு மினுங்குகிறது, அவ்வளவுதான்" என்றாள்.
எழுபத்து மூன்று வயது. தனியாக மேற்கே போகிறாளாம்,
நல்லார்போர் வெளி தாண்டி, தங்கை வீட்டுக்கு.

முதலில் மைனஸைக் கழற்றினேன்.
எப்போதும் அதுதான் முதலில்.
பிளஸில் வைத்த ஸ்பேனர் வழுக்கி வண்டி உடம்பில் பட்டால்
ஸ்பேனரே வயராகிவிடும்.
என் இடது மணிக்கட்டின் வட்டத் தழும்பு
கழற்ற மறந்த ஒரு கடிகாரம்.

பிறகு கட்டில் பலகையைத் தூக்கினேன்.
அங்கே லெஸ் இருந்தார்.

போன ஏப்ரலில் இறந்தவர்.
இருபத்தோரு வருடம் அவர் முறுக்கியது, சொருகியது, சுற்றியது எல்லாம்
கறுப்பு டேப்பின் பசை உருகி வழிய அப்படியே.
வீட்டுச் சுவருக்குள் அசையாமல் கிடக்க வேண்டிய ஒற்றைக் கம்பி
சல்லிச் சாலைகளில் ஆடி ஆடி இற்று
மயிரிழையில் பிடித்திருந்தது.
தகரத்தில் துளை போட்டவர் ரப்பர் வளையம் போடவில்லை.
பள்ளத்துக்கு ஒரு கடியாக விளிம்பு கடித்து
தோல் தாண்டிச் செம்பைத் தொட்டிருந்தது.
ஒவ்வொரு வயரிலும் காகித டேப், பேனாவில் பெயர்:
பம்ப். ரேடியோ. பெரில் படிக்க.

பத்து ஆம்பியர் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில்
முப்பது.

"சும்மா சும்மா போய்க்கொண்டிருந்தது.
பெரிசாகப் போட்டார், பிறகு போகவே இல்லை.
கெட்டிக்காரன்."

பலகையைத் திருப்பிக் காட்டினேன்.
வயர் ஓடிய வழியிலேயே ப்ளைவுட்டில் ஒரு பழுப்புக் கோடு,
இஸ்திரிப்பெட்டியை மறந்து வைத்தாற்போல.
அவள் தலையணைக்கு நேர் கீழே.

வெகுநேரம் பார்த்தாள்.
"வாசனை வரும். ரொட்டி கருகியது என்பார்.
அன்றைக்கு நாங்கள் ரொட்டியே வாங்கியிருக்க மாட்டோம்."
சிரித்தாள். சிரித்து முடிக்க நேரமானது.

ஃபியூஸ் காப்பது விளக்கை அல்ல, என்றேன்.
ஃப்ரிட்ஜையும் அல்ல. வயரை.
வயர் தாளாமல் போகும் முன் தான் போய்விட வேண்டும்.
அதனால்தான் பேட்டரிக்கு ஒரு சாண் தள்ளி வைப்பது.
லெஸ் வைத்தது எட்டடி தள்ளி.
அந்த எட்டடிக்கும் யாரும் காவல் இல்லை.

மூன்று நாள் வேலை.
பல இழைச் செம்பு, தடித்தது, நெளிகுழாய்க்குள்.
க்ரிம்ப் ஒவ்வொன்றையும் நசுக்கி இழுத்துப் பார்த்தேன்,
ஆடும் பல்லை நாக்கு சோதிப்பதுபோல.
இருநூற்று நாற்பது வோல்ட் பக்கம் நான் கை வைப்பதில்லை,
அதற்கு உரிமம் வேறு.
வயாலாவிலிருந்து ஜெமால் வந்தான்,
உதட்டைப் பிதுக்கினான், அதையும் பிய்த்தான்.

வெட்டியதெல்லாம் வாளியில்.
செம்புக்கு எடைக்கு விலை உண்டு என்றேன்.
அவள் கிளறி, 'பெரில் படிக்க'வை மட்டும் உரித்தெடுத்து
புது வயரில் ஒட்டச் சொன்னாள்.
பசை போயிருந்தது.
மேலே கண்ணாடி டேப் சுற்றிக் கொடுத்தேன்.
விதிப்புத்தகத்தில் இதைப் பற்றி ஒன்றும் இல்லை.

பதினெட்டு நாள் கழித்து, நோர்ஸ்மனிலிருந்து, ராத்திரி போன்.
தமயந்தியைப் பாதியில் முறித்து "டமி" என்றாள்.
"ஃபியூஸ் போயிற்று."
எனக்குத் திக்கென்றது. என்ன போட்டீர்கள்?
"பத்துதான். அதுவும் போயிற்று."
பிறகு?
"டார்ச்சோடு தவழ்ந்தேன். கட்டில் கீலில் விளக்கு வயர் நசுங்கியிருக்கிறது.
நேற்று நான்தான் அங்கே புத்தகங்களைத் திணித்தேன்."

இன்றைக்குப் படிக்க முடியாதே, என்றேன்.

"இருட்டில் உட்கார்ந்திருக்கிறேன், பரவாயில்லை.
லெஸ்ஸின் முப்பது இன்னும் என் பர்ஸில் இருக்கிறது.
அதைப் போடவில்லை என்று சொல்லத்தான் கூப்பிட்டேன்."