பென்சிலில் எழுதிய வருடம்

சாஸ்கட்டூனில் இன்று மைனஸ் முப்பத்திநாலு.
காரின் மூக்கிலிருந்து ஒரு வயர்
சுவர் வரைக்கும் போகிறது,
குளுக்கோஸ் ஏறுகிற நோயாளி மாதிரி.
ஆய்வுக்கூடத்தில் இரவுப்பணி முடிந்து வந்தவள்
ஜாக்கெட்டைக்கூடக் கழற்றவில்லை.
டயர்க்கடையில் இலவசமாய்க் கொடுத்த
அடுத்த வருடத்துக் காலண்டரை
சாப்பாட்டு மேசையில் விரித்துவிட்டேன்.

ஜனவரி பதினாலு: ஏழாவது லாரி.
பேனா வேண்டாம், பென்சில் போதும்.
போன பொங்கலுக்கே வரவேண்டிய லாரி.
பிறகு சித்திரைக்கு என்றார்கள்.
பிறகு நாயகனுக்குத் தோள்பட்டை.
பிறகு ஃபைனான்ஸ்.
பிறகு, விரைவில்.
"உங்கள் பாஷையில் விரைவில் என்றால்
எத்தனை மாதம்?" என்று கேட்டான் டெரில் கோவல்சுக்,
தியேட்டர் மேனேஜர்.
பதினெட்டு வருடம் தமிழில் படித்தவள் நான்,
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவனிடம் ஒரே சட்டம்தான்:
அறுபது டிக்கெட்.
ஐம்பத்தொன்பது என்றால் அந்தத் திரையில்
பேசும் நாய்க்குட்டி ஓடும்.
தீபாவளிக்கு ஐம்பத்தேழில் நின்றுவிட்டது.
மிச்சம் மூன்றை நானே வாங்கி
காலி இருக்கைகளில்
ஜாக்கெட்டுகளை உட்காரவைத்தோம்.
நாயகன் கதவை உடைத்து வந்தபோது
விசிலடிக்காதவை
அந்த ஜாக்கெட்டுகள் மட்டும்தான்.

மே பத்து: கருடன் தெரு, இரண்டாம் பாகம்.
முதல் பாகத்தில் எல்லோரும் செத்துவிட்டார்கள்.
இரட்டைப் பிறவி என்கிறான் முபீன்.
எல்லாம் கனவு என்கிறாள் ஜெசிந்தா.
நாலு மாதமாய் வாட்ஸ்அப்பில் இதே சண்டை,
நடுவில் யாரோ
வெங்காயம் எந்தக் கடையில் மலிவு என்று கேட்டும்
நிற்கவில்லை.

ஆகஸ்ட்: உப்பளத்தில் ஒரு துப்பாக்கி.
தேதி இல்லை, பத்தொன்பது வினாடி டீசர் மட்டும்.
அதில் அவள் அரை வினாடி திரும்புகிறாள்,
உதடு பிரிகிறது,
வெட்டிவிட்டார்கள்.
எடிட்டரே, உமக்கு நல்ல சாவு வராது.
நாற்பத்தோரு தடவை பார்த்துவிட்டேன்.
அவள் என்ன சொல்ல வந்தாள் என்று தெரிய
ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டும்.

ஆகஸ்டில் யார் இருப்பார்கள்?
காலண்டரைத் திருப்பிப்
பின்பக்கம் பெயர் எழுதத் தொடங்கினேன்.
முபீனின் வேலை அனுமதி ஜூனோடு முடிகிறது.
வேலாயுதன் வீட்டு வாசலில்
விற்பனைப் பலகை பனியில் இடுப்பளவு புதைந்து நிற்கிறது,
நாலு டிக்கெட் கல்கரிக்குப் போகிறது.
ஜெசிந்தாவுக்குப் பிரசவ நாள்
மே பத்து.
"எது முதலில் ரிலீஸோ பார்ப்போம்" என்கிறாள்.
பல்கலைக்கழகத்துக்குப் புதிதாய் வந்த பதினோரு பையன்களில்
ஒருவன் சொன்னான்:
"நாலு வாரம் பொறுத்தால் ஓடிடியில் வந்துவிடும் அக்கா."
அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை,
இருக்கை எண்ணை அனுப்பினேன்.
எல், பன்னிரண்டு.
நடு இருக்கை.

கூட்டிப் பார்த்தால் ஐம்பத்திநாலு.
இன்னொரு முறை கூட்டினாலும் அதேதான்.
டெரிலுக்கு எண்ணை அனுப்பினேன்.
காலை ஏழு மணிக்கே பதில் போட்டான்:
"ஐம்பத்தைந்து என்று எழுது.
புரொஜெக்டர் அறையின் ஓட்டை வழியாக
முதல் பாகத்தை மூன்று தடவை பார்த்தேன்.
அந்த மீசைக்காரன் நிஜமாகவே செத்துவிட்டானா?"

தெரியாது டெரில்,
மே மாதம் தெரியும்.
அவன் பெயரை எழுதும்போது
கை தானாகப் பேனாவை எடுத்தது.

அதற்குள் ஃபோன் மறுபடி அதிர்ந்தது.
கறுப்புப் பின்னணி, கூப்பிய கைகள்,
தயாரிப்பாளரின் நீளமான வருத்தம்.
கடைசி வரியில் தங்க எழுத்தில்
விரைவில்.

இங்கேதான் வைத்தேன்,
அந்த ரப்பரை.