காற்று அடிக்காத இரவு

மார்ச் ஒன்பதுக்குப் பிறகு
திரியெஸ்தே நகரத்து இதயங்கள்
என் சமையலறை மேசைக்கு வந்து சேர்ந்தன.
ஆஸ்பத்திரி கொடுத்த லேப்டாப்,
ஆறிப்போன காப்பி,
எதிரே காதைப் பொத்திக்கொண்டு
கணக்குப் பாடம் கேட்கும் என் மகன்.

நோயாளியின் நெஞ்சுத் தோலுக்கடியில் ஒரு கருவி,
கட்டிலோரம் ஒரு வெள்ளைப் பெட்டி.
ஆள் தூங்கியதும் இரண்டும் பேசிக்கொள்ளும்.
விடிந்தால் அந்தப் பேச்சு என் திரையில்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.
பாதிப் பேரின் முகம் தெரியாது,
ஒரு நாளில் எத்தனை நிமிடம் நடந்தார்கள் என்று தெரியும்.

நடந்தார்கள் என்றா சொன்னேன்?
முதல் வாரத்திலேயே
அத்தனை கோடுகளும் குப்புற விழுந்தன.
மீன் சந்தைக்குப் போய்வந்த தொண்ணூறு நிமிடம்
பதினொன்றானது.
படுக்கை, கழிப்பறை, ஜன்னல், மறுபடி படுக்கை:
பதினொன்று.

சொல்லக் கூசுகிறது, இன்னொன்றும் குறைந்தது:
தாறுமாறான துடிப்புகள், நள்ளிரவு எச்சரிக்கைகள்.
"ஊர் அடங்கினால் நெஞ்சும் அடங்குகிறது போல"
என்றார் டாக்டர், ஏதோ நல்ல செய்தி மாதிரி.
அடங்குவது என்ற சொல்லை
அந்த மாதம் எனக்குக் கேட்கவே பிடிக்கவில்லை.

ஒந்தினா அம்மாளின் பெட்டி மூன்று நாள் ஊமை.
பதறிப்போய் போன் அடித்தேன்.
"அந்த பிளக்கில் தையல் மெஷின் ஓடுதும்மா,
முகக்கவசம் தைக்கிறேன். உனக்கு எத்தனை வேணும்?"
நான்கு என்றேன்.

ஏப்ரல் பதினாறு, அதிகாலை மூன்று பன்னிரண்டு.
எஜீதியோ கிரவாஞா,
துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர்.
இதயம் தறிகெட்டு ஓடியிருக்கிறது.
கருவி சில நொடி பொறுத்துப் பார்த்துவிட்டு
ஒரு ஷாக் அடித்திருக்கிறது.
குதிரை உதைத்த மாதிரி இருக்கும் என்பார்கள்.
அவர் யாரையும் அழைக்கவில்லை.

"ராத்திரி எப்படி இருந்தது?"
"போரா அடிச்சது. ஜன்னல் கதவு படீர்னு அடிச்சது.
முழிச்சுக்கிட்டேன். வேற ஒண்ணுமில்லை."

போரா எங்கள் ஊர்க் காற்று.
மலையிலிருந்து அது இறங்கும் நாளில்
ஆளையே தள்ளிக்கொண்டு போகும்.
ஆனால் நேற்றிரவு பால்கனியில் காயப்போட்ட
என் மகனின் சட்டை
கையைக்கூட அசைக்கவில்லை.

அடித்தது காற்றில்லை என்று
அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
கொஞ்ச நேரம் காற்றைப் பற்றியே பேசினோம்.
பிறகு அவராகச் சொன்னார்:

"நெரீனாவை ஆம்புலன்ஸ்ல ஏத்தினாங்க.
நான் படிக்கட்டு வரைக்கும்தான்.
பன்னிரண்டாம் நாள் ஒரு பிளாஸ்டிக் பை வந்தது.
கண்ணாடி, செருப்பு, பாதி தீர்ந்த கைக் களிம்பு.
அந்த வாசலுக்கு என்னைக் கூப்பிடாதே."

கூப்பிடவில்லை.
ரத்தம் எடுக்க ஓர் ஆள் போனான்,
விண்வெளிக்குப் போகிறவன் மாதிரி உடுத்திக்கொண்டு.
பொட்டாசியம் தரைமட்டம்.
கிழமை எழுதிய மாத்திரை டப்பாவை
இத்தனை வருடமும் நிரப்பியவள் நெரீனா.
அவள் போன வாரத்திலேயே
திங்கள், செவ்வாய் எல்லாம் காலி.

டாக்டர் சொல்லச் சொல்ல
போனிலேயே நிரப்பினோம்.
வெள்ளை உருண்டை காலைக்கு. நீளமானது ராத்திரிக்கு.
ஒன்று கீழே விழுந்து உருண்டது;
அவர் மேசைக்கடியில் தவழ்ந்து தேடும் சத்தத்தை
நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"வீட்டுக்குள்ளேயாவது நடங்க," என்றேன்.
"நடந்தா எனக்குத் தெரியும்."
"நடக்கலைன்னா?"
"அதுவும் தெரியும்."

பதினொன்று.
ஒன்பது.
பதினொன்று.
ஐந்தாம் நாள் முப்பத்தெட்டு.

என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.
"வீட்டு ஜன்னல் கதவு அத்தனைக்கும்
கீல்ல எண்ணெய் போட்டு, கொக்கியை முறுக்கிட்டேன்.
இனிமே அடிக்காது."

நல்லது, என்றேன்.
வெளியே, பல நாட்களுக்குப் பிறகு,
மகனின் சட்டை மெல்லக் கையை உயர்த்தியது.