ஏற்றிய மைல்

எங்கள் அலுவலகத்தில் மைல் இரண்டு வகை.
நிலையத்திலிருந்து உங்கள் வாசல்வரை
ஆம்புலன்ஸ் காலியாக ஓடிவரும் மைலுக்குக் காசில்லை.
உங்களைப் படுக்கவைத்துக் கதவைச் சாத்திய பிறகு
மைலுக்கு இருபத்திரண்டு டாலர்.
அதற்குப் பெயர் ஏற்றிய மைல்.
பதினொரு வருடமாக
அதை எண்ணுவதுதான் என் வேலை.

நவம்பர் பிறந்தால்
சுப்பீரியர் ஏரி சாலைவரை ஏறிவரும் ஊர் இது.
ஆஸ்பத்திரி முப்பத்தொரு மைல்.

தொலைபேசியில் ஒருத்தி கேட்டாள்:
"நான் கூப்பிடவே இல்லையே.
வழியில் போன யாரோ கூப்பிட்டிருக்கிறார்.
நான் நடைபாதையில் மயங்கிக் கிடந்தேன்.
வேண்டும் வேண்டாம் என்று சொல்ல
எனக்கு வாய் இருந்ததா அப்போது?"

இதற்கான பதில்
என் மேசைக் கண்ணாடிக்கு அடியில்
அச்சடித்து வைத்திருக்கிறது.
உங்கள் நிலைமை எங்களுக்குப் புரிகிறது.
தவணை வசதி உண்டு.

மரம் வெட்டும் டோய்வோ கங்காஸ்
கணுக்கால் நொறுங்கிய வலது காலை
பக்கத்து இருக்கையில் தூக்கி வைத்துக்கொண்டு
இடது காலால் ஆக்சிலேட்டரை மிதித்து
தானே ஓட்டிப் போய்ச் சேர்ந்தான்.
வாசலில் அவன் கேட்ட முதல் கேள்வி,
"இங்கே பார்க்கிங் சும்மாதானே?"
ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்தது.
நானும்தான்.

பள்ளிக்கூட ஜிம்மில் கூட்டம் போட்டார்கள்.
வீட்டுக்கு வருஷம் நாற்பது டாலர் வரி,
பிறகு ஏறுகிறவர் எவருக்கும் பில் கிடையாது.
டெல்பர்ட் ரூஸ் எழுந்தான்:
"அறுபத்தேழு வயசு.
ஒரு நாள்கூட நான் அதில் ஏறியதில்லை.
ஏறாத வண்டிக்கு எதற்குக் கட்டணும்?"

பின்வரிசையில் சீருடையோடு ஜோலீன்.
இரவெல்லாம் ஆம்புலன்ஸில் விழித்திருந்துவிட்டு
சனி ஞாயிறு பெட்ரோல் பங்கில் கல்லாவில் நிற்பவள்.
ஏதோ சொல்ல வந்தாள்,
இடுப்பில் ரேடியோ கத்தியது, ஓடிவிட்டாள்.
டீசலை யாராவது ஊற்றத்தான் வேண்டும்,
அவள் சம்பளத்தை யாராவது கொடுக்கத்தான் வேண்டும்.
இலவசம் என்று ஒன்றும் இல்லை, எனக்குத் தெரியும்,
ரசீதுகளைப் பார்ப்பவள் நான்.
எப்போது கேட்பது என்பதுதான் கேள்வி.
நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதா?

கைகளை எண்ணச் சொன்னார்கள். எண்ணினேன்.
பத்தொன்பது கைகள் குறைந்தன.

பிப்ரவரி. விடியற்காலை மூன்று மணி.
எமில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான்,
குளிரில் வேர்த்துக்கொண்டு.
"இந்தக் கை என்னுடையது மாதிரி இல்லை" என்றான்.
போனை எடுத்துவிட்டேன்.
எண்ணை அழுத்துவதற்குள்
முப்பத்தொன்றை இருபத்திரண்டால் பெருக்கிவிட்டேன்.
அறுநூற்று எண்பத்திரண்டு.
அடிப்படைக் கட்டணம் ஆயிரத்து நூற்று நாற்பது.
நான் கணக்கில் புலி.
ஆனாலும் அந்தக் கூட்டலுக்கு
எத்தனை நொடி ஆனது என்று
எந்தப் படிவத்திலும் பதிவாகவில்லை.

என் முகத்தைப் பார்த்தே அவன் சொன்னான்:
"நீயே ஓட்டு."

பதினேழாவது மைலில்
எதிரே இரண்டு விளக்குகள்.
யாரையோ இறக்கிவிட்டு ஊர் திரும்பும் எங்கள் ஆம்புலன்ஸ்.
மேலே சிவப்புச் சுழலாமல்,
சத்தமில்லாமல், காலியாக.
எதிர்வண்டிக்குக் கண் கூசுமே என்று
ஜோலீன் முகப்பு விளக்கைத் தாழ்த்தினாள்.
அந்த மரியாதைக்கு நானும் தாழ்த்தினேன்.
கடந்துபோய்விட்டோம்.

எமில் பிழைத்தான்.
இதயத்தில் ஒரு பகுதி பிழைக்கவில்லை.
அரை மணி முன்னால் கையில் மருந்து ஏறியிருந்தால் என்று
ஆரம்பித்த டாக்டர்
என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.
இப்போது அவன் மாடிப்படியை
இரண்டு தவணையில் ஏறுகிறான்.

ஆகஸ்டில் மறுபடி வாக்கெடுப்பு.
டெல்பர்ட் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்,
என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.
விவரமெல்லாம் கேட்டுவிட்டு அவன் கேட்பான்,
"சரி, மொத்தம் எவ்வளவு மிச்சம் பிடித்தாய்?"

ஆயிரத்து எண்ணூற்று இருபத்திரண்டு என்று
சொல்லிவிடுவேன் உடனே.
பதினொரு வருஷப் பழக்கம்,
வாய் நிற்காது.