முப்பத்தாறாம் நம்பர் கம்பி

எரிஞ்சு போச்சு, கட்டித் தருவியா
என்று டெரிக் நீட்டினபோது
அது என்னன்னே எனக்குத் தெரியாதுங்க.
ஸ்பீக்கரோட தொண்டை என்றான்.

கணபதியில் நான் கட்டினதெல்லாம் கெணத்து மோட்டார்.
மூணு ஹெச்பி, அஞ்சு ஹெச்பி,
தண்ணியை மேலே தள்ளுகிற காயில்.
பாட்டைத் தள்ளுகிறது
கைக்குழந்தை வளையல் அளவுதான் இருந்தது.
எத்தனை சுத்து என்றேன், முழித்தான்.
கருகினதைப் பிரித்து எண்ணி
சிகரெட் அட்டையில் குறித்துக்கொண்டேன்:
நூத்திப் பன்னெண்டு.

கூலி வேண்டாம்,
இது எங்கே பாடுதுன்னு காட்டு.

எண்பத்தாறு, ஐப்பசி, சனிக்கிழமை.
நைட் ஷிப்டுன்னு ஊட்டில் ஒரு பொய்.
கம்பெனி முக்கில் கொழந்தவேலுவின் பியட்
விளக்கணைத்து உறுமிக்கொண்டு நின்றது.
சூலூர்க் கோழிப்பண்ணைக்காரர் பையன்;
பின்சீட்டைக் கழட்டித் தீவனக் கொட்டகையில் போட்டுவிட்டு
ரெண்டு பெட்டி ஸ்பீக்கர் ஏற்றியிருந்தான்.
நம்பரைக் கூட்டினா ஒன்பது.
இன்ஜினைப் பற்றி அவன் பேசுகிற பேச்சைக்
கேட்டால் காது கூசும்,
பொண்டாட்டியைக்கூட எவனும் அப்படிக் கொஞ்ச மாட்டான்.

போத்தனூர் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு அக்கட்டால
பஞ்சு இல்லாத ஒரு பஞ்சு குடோன்.
சன்னலுக்கெல்லாம் ஈரச்சாக்கு.
லோரெய்ன் நகப்பாலிஷ் தடவின ஒரே பல்பு.
லேத்துப் பசங்க, நர்சிங் படிக்கிற ரெண்டு பேர்,
வசூலைக் கட்டாமலே வந்துவிட்ட
சேரன் பஸ் கண்டக்டர் நாச்சிமுத்து.
அவன் குதிக்கக் குதிக்கப்
பையில் சில்லறையும் தாளம் போட்டது.

பாட்டென்றால் அதில் வார்த்தை கிடையாது.
ஒரு மெஷின் உதைக்கும்,
சித்தெ நேரங்கழித்து இன்னொன்று பதில் சொல்லும்.
கப்பல் வேலைக்குப் போன யாரோ
சோப்பு டப்பாவுக்குள் கொண்டுவந்த கேசட்.
எல்லோரும் வாய்பிளந்தார்கள்.
எனக்கொன்றும் புதுசாய்த் தெரியலை.
பவர் பிரஸ்ஸும் இப்படித்தான் அடிக்கும்,
ஆனா அங்கே ஆடினா
கை போயிரும்.
இங்கே ஆடினேன்.

ரெண்டு மணிக்கு மதுக்கரை ரோடு.
ஓட்டறயா மயிலு, என்று
கொழந்தவேலு சாவியை எறிந்தான்.
ஸ்டீரிங்குக்குக் கீழே இருக்கிற கியரை
டெரிக் தன் கையோடு என் கையை வைத்துத்
தள்ளிக் காட்டினான்.
கணவாய்க் காத்து எதிரே வந்து காரைத் தடுத்தது.
தொண்ணூறில் முள் நின்றுபோச்சு, வண்டி நிற்கலை.
விடிகாலை ஊடு திரும்பினப்ப
தலையெல்லாம் சிமெண்ட்டுப் பவுடர்.
ஷிப்டில் என்னடீ பண்ணினே என்றாள் அம்மா.

அப்புறம் ஒன்று செய்தேன்,
இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.
அடுத்த தொண்டையை
நூறு சுத்தோடு நிறுத்திவிட்டேன்.
சுத்து குறைஞ்சா சூடு ஏறும்,
சூடு ஏறினா எரியும்,
எரிஞ்சா வருவான்.
வந்தான். பத்து நாளில் ஒருமுறை,
அந்தக் கருகின வாசத்தோடே வருவான்.
கொழந்தவேலு ஆம்ப்ளிபயரைத் திட்டினான்,
கரண்ட் ஆபீஸைத் திட்டினான்.
மூன்று வருசம்.

எண்பத்தொன்பதில் டெரிக் வீட்டார்
பெர்த்துக்குப் போவதென்று ஆச்சு.
கொழந்தவேலு பியட்டைக் கொடுத்து மாருதி எடுத்தான்,
அதை என்னிடம் சொல்லும்போது முகத்தைப் பார்க்கலை.
குடோன் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம்,
என் மகள் நிச்சயதார்த்தமே அங்கேதான்.

இப்போ மகள் பேட்டரி கார் வைத்திருக்கிறாள்.
சரவணம்பட்டி சிக்னலில்
ஓடுதா நிக்குதான்னே தெரியாது.
அம்மா எதுக்குக் கதவைத் தட்டிட்டே இருக்கீங்க
என்கிறாள்.
தட்டலை கண்ணு,
எண்ணறேன்.

கிளம்புகிறதுக்கு முந்தின நாள்
கடைசியாய் ஒன்று கொண்டுவந்தான்,
பெட்டியோடு கப்பலில் போகுதென்று.
முப்பத்தாறாம் நம்பர் கம்பி.
அதை மட்டும் முழுசாய்ச் சுத்தினேன்,
நூத்திப் பன்னெண்டு,
வார்னிஷ் ரெண்டு கோட்டு.

எரிஞ்ச சேதி
இன்னும் வரலை.