நூறு பங்கு

கவாசாகியில் ஜூன் மழை.
ஓட்டல் வாசலில் குடைக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டிவிடுகிறார்கள்.
போன வருஷம் வந்தவர்களுக்கு ஒரு டப்பா அரிசி பிஸ்கட்,
அதற்கு முன் பீங்கான் கோப்பை.
இந்த வருஷம் ஒரு துண்டுச் சீட்டு:
அன்பளிப்பு நிறுத்தப்பட்டுள்ளது, மன்னிக்கவும்.
மன்னித்தேன்.
ஷிரானே கம்பெனியை மன்னிப்பதில்
எனக்கு இருபத்தைந்து வருஷ அனுபவம்.

என்னிடம் நூறு பங்கு. அதற்குக் குறைவாக விற்கமாட்டார்கள்.
வாங்கிய அன்று ஒரு நல்ல சைக்கிளின் விலை.
இன்றைக்கு அதில் மணியும்
முன்சக்கரமும் தேறலாம்.

நாற்காலி ஐநூறு. ஆள் எண்பது.
பக்கத்தில் ஒரு பையன், சட்டைப்பையில்
ஷிரானே இரண்டின் கைப்பிடி உருவத்தில் ஒரு பித்தளை ஊசி.
நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.
ஒரே டாக்டருக்குக் காத்திருப்பவர்கள்
நோயைப் பற்றியா பேசுவார்கள்?

தலைவர் எழுந்து குனிந்தார்.
கூடவே பத்து இயக்குநர்களும்.
எண்ணினேன், ஏழு விநாடி.
போன வருஷம் நான்கு.

நம்பு ரயிலில் வரும்போதே கேள்வியை உருப்போட்டிருந்தேன்.
மூன்றாவது இயந்திரத்தை நாலே நாலு விளையாட்டோடு
எந்த முகத்தோடு கடைக்கு அனுப்பினீர்கள்?
மூன்று மாதத்தில் மூடி விரிசல் விட்டதை
'பயன்பாட்டுத் தேய்மானம்' என்று எழுதியது யார்?
ஊரே சிரித்தபோது உங்களுக்காக வாதாடிய எங்களை
என்னவென்று நினைத்துக்கொண்டீர்கள்?

வாதாடினேன்தான். சலவைக்கடையில், ஆபீசில்,
ஒருமுறை என் கல்யாண விருந்தில்கூட.

இதையும் சொல்லிவிடுகிறேன்:
வீட்டில் டிவிக்குக் கீழே போட்டிக்காரனின் பெட்டியும் இருக்கிறது.
மகளுக்கென்று வாங்கியது.
மகள் தூங்கிய பிறகு அது ஏன் சூடாக இருக்கிறது என்று
யாரும் கேட்டதில்லை.
நன்றாக இருக்கிறது.
அதுதான் ஆத்திரம்.

பத்தொன்பது வயதில், நீகாதாவின் பனியில்,
எழுபது மணிநேரம் ஆடிச் சேர்த்த ஆட்டம்
ஒரே இரவில் அழிந்துபோனது.
திட்டி நாலு பக்கம் எழுதினேன்.
பதில் வந்தது, கையெழுத்தில்.
'உங்கள் எழுபது மணிநேரத்தைத் திருப்பித்தர எங்களிடம் வழியில்லை'
என்று துகாவா என்ற ஒருவர்.
கீழே பசைநாடாவில் ஒட்டிய புதிய பொத்தான் பேட்டரி.
அந்தப் பிரிவை இந்த மார்ச்சில் மூடிவிட்டார்கள்.
அறிக்கையில் ஒன்பதாம் பக்கம்,
'செலவுச் சீரமைப்பு' என்ற தலைப்பில் ஒரு வரி.

கை தூக்கினேன்.
ஒலிவாங்கி வந்தது, யாரோ பிடித்த சூட்டோடு.
'ஐம்பத்தெட்டாம் எண். நுகாதா.'
உருப்போட்டது மொத்தமும் போயிற்று.
'ஷிரானே ஒன்றுக்கு... அந்தப் பேட்டரி...
இன்னும் கிடைக்குமா?'

மேடையில் காகிதம் புரளும் சத்தம்.
'கருத்தில் கொள்கிறோம்' என்றார் ஒரு இயக்குநர்,
கம்பெனியில் சேர்ந்து இரண்டு வருஷமானவர்,
முன்பு குளிர்சாதனப் பெட்டி விற்றவர்.
பித்தளை ஊசிப் பையன் தலையைக் குனிந்துகொண்டான்.
சிரித்தானா தெரியவில்லை.

பிறகு தீர்மானம்.
இயக்குநர்கள் பதினொருவரும் தொடர,
சம்மதமானவர்கள் கைதட்டலாம்.
என் இடக்கையில் ஈரக்குடை.
ஒரு கை தட்டினால் ஓசை வராது.
குடையைக் கீழே வைத்திருக்கலாம்.

திரும்பும் ரயிலில் போனைத் திறந்து
விற்பனைப் பக்கத்துக்கு வந்துவிட்டேன்.
நூறு பங்கு. உறுதிதானா?
'ஆம்' பெரிதாக, பச்சையாக, கட்டைவிரலுக்கு நேர் கீழே.
'வேண்டாம்' மூலையில், சாம்பல் நிறத்தில்.

ஷிரானே செய்த ஆட்டம் எதிலும்
அழிக்கவா என்று கேட்கும்போது
அம்புக்குறி 'வேண்டாம்' மேல்தான் நிற்கும்.
அவசரக்காரர்களுக்காக யாரோ ஒருவர்
மேசையில் உட்கார்ந்து யோசித்து வைத்தது.
அவருக்கும் மார்ச்சில் கடிதம் போயிருக்கும்.

யாகோ போயிற்று. ஹிராமா போயிற்று.
குடை உறைக்குள் தேங்கிய தண்ணீர்
என் காலணிக்குள் சொட்டிக்கொண்டிருக்கிறது.
நான் இறங்க வேண்டியது ஹிராமாவில்.