அப்பா வேசம்

சா பூ திரியில் தோற்றவன்தான் அப்பா.
சூரியம்பாளையம் லைன்வீடுகளில்
யாரும் விரும்பி எடுக்காத வேசம்.
ஆட்டம் தொடங்கியதும் கிளம்பிவிட வேண்டும்.
தறிக்குடோன் சுவர் தாண்டி, சாக்கடை தாண்டி,
தண்ணித்தொட்டிக்கு அக்கட்ட.
அதுதான் சத்தீஸ்கர்.

அம்மா வேசத்துக்கு அடிதடி.
கண்மேல் துண்டைப் போட்டுப் படுத்தால் போதும்.
ராத்திரித் தறி ஓட்டிவிட்டு வந்தவள்,
நாங்கள் சண்டை கட்டினாலும்
சோறு பொங்கி வழிந்தாலும் எழக்கூடாது.
எழுந்தால் அவுட்.
கோகிலா ஒருமுறை நிசமாகவே தூங்கிப்போனாள்.
அவளைப்போல் அம்மா வராது என்று பேசிக்கொண்டோம்.

காலி நூல்கோன் அங்கே ஒன்று, இங்கே ஒன்று.
மளிகைக்கடைக்காரன் ஓடிவருவான்:
"போனு வந்திருக்குது, வெசையா வாங்க!"
அப்பாவுக்கு மூன்றே வசனம்.
சாப்புட்டீங்களா. சண்ட போடாதீங்க. அம்மாகிட்டக் குடு.
நாங்கள் கேட்க வேண்டியது ஒன்று:
அங்க தண்ணி வந்துச்சுங்களா?

தாமோதரன் ஒருநாள் நாலாவதாக
அந்த ஊர் மழையைப் பற்றி ஆரம்பித்தான்.
அப்பா இத்தன பேசமாட்டாங்கடா என்று
கோனைப் பிடுங்கிக்கொண்டோம்.

ஆடியில் ரிக் வண்டி ஊர் திரும்பியது.
எத்தனை எண்ணெய் வைத்துக் குளித்தும்
காதுமடலில் கல்மாவு போகாத என் அப்பா,
கரண்ட் போன ஒரு மத்தியானம்
பனியனோடு வந்து நின்று கேட்டார்:
நானும் வரட்டுமா கண்ணு?

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.
தாமோதரன் முன்னமே தொட்டிக்கு அக்கட்ட போய்விட்டான்.
அம்மா தூங்கியாயிற்று.
மிச்சம் கைக்குழந்தை மட்டும்தான்,
அதற்கு ஒரு செங்கல் வைத்திருந்தோம்.
செங்கல்லை எடுத்துவிட்டு அவரை உட்காரவைத்தோம்.
மடங்காத கால்கள்
கரிக்கோட்டு வீட்டைத் தாண்டி வாசலுக்கு நீண்டன.

போன் வந்தது. கையில் கொடுத்தோம்.
குழந்தைக்கு வசனமே கிடையாது,
அழலாம், அவ்வளவுதான்.
அவர் கோனைக் காதில் வைத்து
வெகுநேரம் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.
பிறகு எங்கள் ஆட்டத்தில்
ஒருத்தரும் கேட்டேயிராததைக் கேட்டார்:
எப்பங்கப்பா வருவீங்க?

அக்கட்டயிருந்து சத்தமே இல்லை.
ஓடிப்போய்ப் பார்த்தேன்.
தாமோதரன் கோனை மடியில் போட்டுக்கொண்டு
குச்சியால் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தான்.
ஒரு சாண் ஆழம் போயிருந்தது.

கரண்ட் வந்தது.
அத்தனை தறியும் ஒன்றாய்க் கத்தத் தொடங்க
கோகிலா துண்டை விலக்கிக் கேட்டாள்:
நான் அவுட்டா?