ஒன்பதாம் விதி

வடக்கு கோலுக்குப் பின்னால்
கல்யாண மண்டபம் வரப்போகிறது என்பதை
டீக்கடைப் பையன்தான் முதலில் சொன்னான்.
செயலாளர் வீட்டுக்குப் போன பிளாஸ்க்
செய்தியோடு திரும்பியிருந்தது.

பேரணாம்பட்டு விடிவெள்ளி அணி
தோற்றால் திட்டுவோம், ஜெயித்தால் தோளில் தூக்குவோம்.
இரண்டுக்கும் நடுவில் ஒரு வேலை கிடக்கிறதென்று
அதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

முதல் கூட்டம்
இம்தாதுல்லாவின் தோல் மண்டியில்.
உப்பு வாடை.
நாற்பது பேர், நாற்பது வாய்,
ஒரு காது இல்லை.
"கல்லால அடிக்கலாம்பா."
"எதை? இன்னும் கட்டவே இல்லியே."
சிரித்துக் கலைந்தோம்.

அடுத்த கூட்டத்துக்குப் பதினொரு பேர்.
போதும், ஓர் அணி.

நான் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவள்.
ஒரு தையல் தப்பினால் ஜோடியே தள்ளுபடி.
அந்தக் கண்ணோடு படித்தேன்,
மூன்று தரம் பஸ் ஏறி
வேலூர்ப் பதிவாளர் அலுவலகத்தில் வாங்கி வந்த
கழகத்தின் சட்டதிட்ட நகலை.
விதி ஒன்பது:
ஆண்டுச் சந்தா அறுபது ரூபாய் கட்டும் எவரும் உறுப்பினர்.
உறுப்பினர் எவருக்கும் ஓட்டு.
முப்பது வருஷமாகக்
கார்னர் கொடிக்கு வெளியே முளைத்த புல் மாதிரி
யார் காலும் படாமல் கிடந்த வரி.

வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்த கையோடு
ஆபீஸ் வாசலில் வரிசை.
"ரசீது புக்கு தீந்துபோச்சு" என்றார் செயலாளர்.
அடுத்த வெள்ளி,
"பீரோ சாவி வேலூர்ல கீது."

மூன்றாம் வெள்ளி மேட்ச்.
முதல் பாதி முழுக்க வாய் திறப்பதில்லை என்று முடிவு.
பந்து உதைபடும் சத்தம்
அவ்வளவு தனியாகக் கேட்கும் என்று
எனக்குத் தெரியாது.
முப்பத்தொன்றாம் நிமிடம்
இடது விங் சாலமோன் கோல் போட்டான்.
கையை விரித்துக்கொண்டு
எங்களை நோக்கித்தான் ஓடி வந்தான்.
நின்றோம், கல்லாக.
அவன் கை மெல்ல இறங்கியது.

அவனிடம் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும்.
யாருக்கும் அது நினைவு வரவில்லை.

இடைவேளையில் ரசீது புத்தகம் கிடைத்துவிட்டது.
எங்கிருந்து என்று கேட்கவில்லை.
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.
காசில்லாத பதினாலு பேருக்கு மற்றவர்கள் போட்டோம்.
தொகையை எழுதினேன்,
யாருக்கென்று எழுதவில்லை.

பொதுக்குழுவில் மண்டபம் தோற்றது,
பத்தொன்பது ஓட்டில்.
கமிட்டியில் எங்களுக்கு இரண்டு நாற்காலி.
ஒன்றில் நான்.
ஒன்று ஆடும், எனக்கு அதுதான்.

அப்புறம் கணக்குப் புத்தகத்தைத் திறந்தேன்.
வலை வாங்கக்கூட காசில்லை.
டிக்கெட்டில் பத்து ரூபாய் ஏற்றத்
தூக்கிய கைகளில்
என் கையும் ஒன்று.
மறுவாரம் கேலரியில்,
"இவளையா உள்ள அனுப்பனோம்?"
நியாயம்தான்.
என் பழைய குரல் மாதிரியே இருந்தது.

சாலமோனைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன்.
அன்று ஏன் கத்தவில்லை என்று
ஆரம்பத்திலிருந்து சொன்னேன், தப்பையும் சேர்த்து.
பதில் சொல்லவில்லை.
நூறு ரூபாய்த் தாளை நீட்டி
ரசீது கேட்டான்.

சில்லறை இல்லை.
நாற்பது ரூபாய்
இன்னும் அவனுக்குப் பாக்கி.